எண்பத்தாறாம் பக்கத்துக் கறை

சுற்றறிக்கை எண் நாற்பத்தேழு திங்கட்கிழமை காலையில் வந்தது. நூலகத் துறையிலிருந்து எது வந்தாலும் நூலகர் தேதி சார் நின்றுகொண்டுதான் படிப்பார். இதையும் நின்றபடி படிக்க ஆரம்பித்தவர், இரண்டாவது பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.

'புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தங்கள் நூலகத்தில் இருப்புச் சரிபார்ப்பு நடைபெறும். பதிவேட்டில் உள்ள அனைத்து நூல்களும் அவற்றுக்குரிய அலமாரியில் இருத்தல் வேண்டும். வாசகரிடம் உள்ள நூல், இல்லாத நூலாகவே கருதப்படும். ஒரு நூல் குறைந்தாலும் அந்நூலகம் காக்கத் தவறிய நூலகம் என அறிவிக்கப்பட்டு, எஞ்சிய நூல்கள் யாவும் அவற்றின் நலன் கருதித் தலைமைக் காப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்படும்.'

தலைமைக் காப்பகம் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். நகரத்தில் பன்னிரண்டு இரும்புக் கதவுகள் வைத்த கட்டடம் அது. பக்கத்து ஊர் நூலகம் போன வருஷம் அங்கேதான் போனது. நலன் கருதிப் போன அந்தப் புத்தகங்களை அதற்குப் பிறகு கண்ணால் கண்டவர் கிடையாது. பார்க்க வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கேட்பதற்கான படிவம் காப்பகத்துக்கு உள்ளே இருக்கிறது. அந்த ஊர் நூலக அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்த்த நூலகர் காப்பகத்தில் பூட்டுகளை இழுத்துப் பார்க்கிற வேலையில் இருக்கிறார்.

தேதி சார் என்பது ஊர் வைத்த பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒற்றை அறை நூலகத்துக்கு அவர்தான் நூலகர், அவர்தான் கூட்டிப் பெருக்குகிறவர், அவர்தான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவர். யார் புத்தகம் எடுத்தாலும் திருப்பித் தரவேண்டிய தேதியை முத்திரையில் திருகித் திருகிச் சரிசெய்து, மையில் ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவார். பக்கத்தின் முனையை மடித்தவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். ஆனால் குத்திய தேதியில் ஒருநாளும் யாரிடமும் புத்தகத்தைக் கேட்டதில்லை. அந்த ஊரில் புத்தகங்களுக்கு அலமாரிக்குத் திரும்புகிற வழக்கம் இல்லை. எங்கே தேவையோ அங்கேயே குடியிருந்துவிடும்.

ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களில் முந்நூற்றுச் சொச்சம் இப்படி வெளிக்குடித்தனம் நடத்தின. பம்பு செட்டைப் பழுது பார்க்கிற புத்தகம் மெக்கானிக் கடையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. தாய்சேய் நலம் நர்ஸம்மாவின் பையில் இருந்தது. மனு எழுதுவது எப்படி என்ற புத்தகம் சலூனில். முடிவெட்டக் காத்திருக்கும்போதுதான் ஜனங்களுக்குத் தங்கள் குறைகள் வரிசையாக ஞாபகம் வருகின்றன. மாட்டு வைத்தியம் பால்காரம்மாவின் கொட்டகையில், தவிட்டு டப்பாவின் மேல். எது எங்கே இருக்கிறது என்பதை ஒரு நீல நோட்டில் எழுதி வைத்திருந்தார். யாராவது வந்து மாட்டுப் புத்தகம் கேட்டால் நோட்டைத் திறக்காமலே, "பால்காரம்மா கொட்டகைக்குப் போங்க" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. இதற்குப் பெயர்தான் நூலகம் என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு யாரும் விதிப்புத்தகத்தைப் படித்துக் காட்டவில்லை.

இப்போது முந்நூற்றையும் இரண்டு நாளில் வீடு வீடாகப் போய்ப் பிடித்து வரவேண்டும். சைக்கிளின் பின்னால் ஒரு பழப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் வேட்டை சொந்த வீட்டிலேயே. அவர் மனைவி தையல்காரி. துணி வெட்டும் புத்தகம் நாலு வருஷமாகத் தையல் மெஷின் மேல் இருந்தது.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கன்னு இருபது வருஷமாக் கூப்பிடுறேன், வந்ததில்ல. இப்ப புத்தகத்தைத் தேடிப் பகல்ல வீட்டுக்கு வர்றீங்க" என்றாள் அவள்.

"ஒரு புத்தகம் குறைஞ்சாலும் நூலகமே போயிடும்டி."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் கேலியை நிறுத்திக்கொண்டாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்து, புத்தகத்தை முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தாள்.

மெக்கானிக் ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தார். நர்ஸம்மா பையைக் கவிழ்த்துத் தேடி எடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் வந்து சேர்ந்தன, ஒன்றைத் தவிர.

"தர மாட்டேன் அண்ணே" என்றாள் பால்காரம்மா. நூலகத்துக்குப் பின்தெருவில்தான் அவள் கொட்டகை. இருப்பது ஒரே பசு. புருஷன் போனபின் அந்த வீட்டில் சம்பாதிக்கிறது அந்தப் பசு ஒன்றுதான் என்று ஊருக்கே தெரியும். அது வயிறு தள்ளி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. "நிறைமாசம். இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. போன தடவ எதிர்வீட்டு மாட்டுக்குக் கன்னு கால் மடங்கிச் சிக்கினப்ப இதுல இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். மாட்டு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவாரு. கன்னு கிழமை பார்த்தா வரும்?"

"ஒரே ஒரு நாள்மா. எண்ணி முடிச்சதும் நானே கொண்டுவந்து அதே டப்பா மேல வைக்கிறேன்."

"நடுவுல வேணும்னா?"

"நடுவுல வேணும்னா ஓடி வா. யார் இருந்தாலும் சரி, எடுத்துத் தர்றேன். இது என் வாக்கு."

"நீங்க குத்துற தேதி மாதிரி இல்லையே?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். அட்டையில் ஒட்டியிருந்த தவிட்டை அவர் வழியெல்லாம் ஊதிக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. இறங்கியவர்கள் இரண்டு பேர். ஆய்வு அதிகாரி, அவருக்குப் பின்னால் ஒரு உதவியாளர். உதவியாளர் கையில் ஒரு நீளமான பிரம்பு. புத்தகத்தைக் கையால் தொட்டால் தேயும் என்பதால் பிரம்பின் நுனியால் முதுகைத் தொட்டு எண்ண வேண்டும் என்று விதி.

அதிகாரி அறையைச் சுற்றிப் பார்த்தார். எட்டு அலமாரி, இரண்டு பெஞ்சு, ஒரு மேஜை, சுவரில் 'அமைதி காக்கவும்' என்ற பலகை, தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரு ஜன்னல். அலமாரிகளின் மேல்தட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் தூசி அப்பியது. அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கு. தூசிங்கிறது இயற்கையே வைக்கிற சீல். யாரும் தொடலைன்னு அர்த்தம்." அடுத்து, மெக்கானிக் கடையிலிருந்து வந்த புத்தகத்தின் மேல் விரலை வைத்தார். தூசி இல்லை. "இது என்ன? இதை யாரோ எடுத்திருக்காங்களே?"

"படிக்கிறதுக்கு எடுத்தாங்க சார்."

"ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க நூலகரே. புத்தகத்துக்கு முதல் எதிரி யாரு?"

"கரையான் சார்."

"அது பழைய பாடத்திட்டம். கரையான் ஒரு ஓரமா உட்கார்ந்து கொஞ்சம் தின்னுட்டுப் போயிடும். வாசகன் இருக்கானே, அவன் முதல் பக்கத்துல ஆரம்பிச்சுக் கடைசிப் பக்கம் வரைக்கும் விட மாட்டான். முப்பது வருஷ சர்வீஸ்ல எங்கயாவது ஒரு புத்தகம் கெட்டுப்போச்சுன்னா, விசாரிச்சுப் பார்த்தா அங்க ஒரு வாசகன் இருந்திருப்பான். நான் இதுவரைக்கும் ஒரு புத்தகத்தையும் திறந்ததில்லை. என் கையால ஒரு புத்தகமும் சேதமானதில்லை."

சொல்லிவிட்டு மார்பில் கை வைத்துக்கொண்டார். உதவியாளர் தலைகுனிந்து நின்றார். தேதி சாரும் குனிந்துகொண்டார்.

எண்ணிக்கை ஆரம்பித்தது. அலமாரிகளின் முன்னால் வெள்ளை நாடா கட்டப்பட்டது. உதவியாளர் பிரம்பால் தொட்டு எண்ணைச் சொல்வார், அதிகாரி திருப்பிச் சொல்வார், நூலகர் தலையாட்ட வேண்டும். இடையில் ஒருவர் தடுமாறினாலும் ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். இருநூற்றுப் பதினாறில் உதவியாளர் தும்மினார். ஒன்றிலிருந்து எண்ணினார்கள். தேதி சாரின் காது எண்களில் இல்லை. பின்தெருவில் ஒரு மாடு கத்துவது போலிருந்தது. எந்த மாடு என்று தெரியவில்லை. அவர் தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

தொள்ளாயிரத்து மூன்றில் பால்காரம்மா வாசலில் வந்து நின்றாள். முழங்கை வரை சோப்பு நுரை.

"அண்ணே, தலை தெரியுது, ஒரு கால்தான் வந்திருக்கு. இன்னொண்ணு உள்ளயே மடங்கிக் கிடக்கு. டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன், வர மூணு மணி நேரம் ஆகுமாம். புத்தகத்தைக் குடுங்க."

"யார் இது?" என்றார் அதிகாரி.

"வாசகர் சார்."

"ஆய்வு நடக்கிற அன்னிக்கு எதுக்கு வாசகர்?"

தேதி சார் விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே கை நாடாவை நோக்கிப் போனது. அதிகாரி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. குரலை உயர்த்தவுமில்லை. அவர் கெட்டவர் அல்ல. மாட்டின் மேல் அவருக்கு எந்த விரோதமும் கிடையாது. விதிகளை மட்டும் சொன்னார்.

"எண்ணிக்கை முடியிற வரைக்கும் ஒரு நூலும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினா அது இல்லாத நூல். ஆனா துறை வாசிப்புக்கு எதிரி இல்ல. அறைக்குள்ள உட்கார்ந்து படிக்கலாம். அந்தம்மா உள்ள வரட்டும், வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போடட்டும், கையைத் துடைச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் படிக்கட்டும்."

"அய்யா, மாடு அங்க கிடந்து தவிக்குது. நான் இங்க பெஞ்சுல உட்கார்ந்து படிக்கிறதா?"

"அது உங்க வசதி."

பால்காரம்மா இரண்டு நொடி அவரைப் பார்த்தாள். பிறகு ஓடிவிட்டாள். உதவியாளர் பிரம்பைத் தூக்கி, "தொள்ளாயிரத்து நாலு" என்றார். ஆயிரத்து நூற்று முப்பதுக்கு வரும்போது ஜன்னல் இருட்டியது. வெளியே பசு நின்றிருந்தது. அவளும் மெக்கானிக்கும் அதை நடத்திக் கூட்டி வந்திருந்தார்கள். அடியெடுத்து வைக்க முடியாத நிலையில் அந்தப் பிராணி ஒரு தெரு நடந்து நூலகத்துக்கு வந்திருந்தது.

"சார், புத்தகம் உள்ளயே இருக்கட்டும். நான் ஜன்னல்கிட்ட நின்னு படிச்சுச் சொல்றேன்" என்று கெஞ்சினார் தேதி சார்.

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். உதவியாளர் புரட்டினார். பசு முக்கியது. ஜன்னலடியில் நூலகர் படிக்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் மாடு வாசகரா, பார்வையாளரா என்பது தெளிவாக இல்லை. ஐந்து நிமிஷம் அதில் போனது. கடைசியில் மாடு கூரைக்கு வெளியே நிற்பதால் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவாகி, நாடா அவிழ்க்கப்பட்டது. தேதி சார் அந்தப் படம் இருந்த எண்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தார்.

"மாடு முக்காத நேரம் பார்த்து, கன்னை முதல்ல உள்பக்கமாத் தள்ளணும்மா!"

"அமைதி" என்றார் அதிகாரி, சுவர்ப் பலகையைக் காட்டி. "வாய்விட்டுப் படிக்கக் கூடாது. மத்த வாசகர்களுக்கு இடைஞ்சல்."

"வேற வாசகரே இல்லையே சார்!"

"வந்தா இடைஞ்சலா இருக்கும்."

அவர் குரலைத் தாழ்த்தி, கம்பிக்கு நடுவே வாயை வைத்துக் கிசுகிசுத்தார். பசு கத்திய கத்தலில் ஒரு சொல்லும் வெளியே போய்ச் சேரவில்லை. "என்ன அண்ணே? தள்ளிட்டு? தள்ளிட்டு எந்தப் பக்கம் திருப்ப?" என்று அவள் கேட்டாள். அவர் கையை மடக்கி, முழங்கையை மேலே தூக்கி, சைகை காட்டினார். அவளால் பார்க்க முடியவில்லை. அவள் தோள்வரை பசுவுக்குள் இருந்தாள், கன்னம் அதன் தொடையில் அழுந்தியிருந்தது. "படத்தைக் காட்டுங்க! இது அசைவு குறையுது அண்ணே, அசைவு குறையுது!"

புத்தகத்தைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தார். ஜன்னல் உயரம், அவள் பசுவின் பின்பக்கம். தெரியவில்லை. இன்னும் ஒரு விரற்கடை வெளியே நீட்டினார்.

"நூல் கம்பியைத் தாண்டுது" என்றார் உதவியாளர். சொல்லிவிட்டு அந்த மனிதர் பிரம்பைக் கீழே தாழ்த்திக்கொண்டார்.

தேதி சார் திரும்பி அறையைப் பார்த்தார். எட்டு அலமாரி. அவற்றில் ஒவ்வொரு புத்தகமும் அவர் கையாலேயே அட்டை போட்டது. இருபத்திரண்டு வருஷம். வெளியே போனால் எல்லாம் போய்விடும், போகாவிட்டால் அவர் கொடுத்த வாக்கு போய்விடும், அதோடு அந்தக் கன்றும் பசுவும் அந்த வீடும் போய்விடும். பயத்தில் அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசலைத் தாண்டினார்.

"நூலகரே, எண்ணிக்கை முடிஞ்சது!" என்ற குரல் பின்னால் கேட்டது.

அவர் மண்ணில் முட்டி போட்டு, புத்தகத்தை அவள் கண்ணுக்கு நேரே விரித்துப் பிடித்தார். இப்போது சத்தமாகப் படித்தார். தள்ளு. முட்டியை மேலே தூக்கு. குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொள், அது கர்ப்பப்பையைக் கிழித்துவிடக் கூடாது. மூடியபடியே முன்னால் கொண்டுவா. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தாள். ஒருதரம் வழுக்கியது. மறுபடி படித்தார். இரண்டாவது குளம்பு வெளியே எட்டிப் பார்த்ததும் மெக்கானிக்கும் சேர்ந்து பிடித்து இழுத்தார். கன்று மண்ணில் சரிந்து விழுந்தது. அசையவில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்து, வாய்க்குள் விரல் விட்டு வழித்து, வைக்கோலால் நெஞ்சைப் பரபரவென்று தேய்த்தாள். கன்று தும்மியது.

பால்காரம்மா எதையாவது பிடித்துக்கொண்டு எழ வேண்டியிருந்தது. கைக்கு அகப்பட்டது எண்பத்தாறாம் பக்கம். ஐந்து விரலும் அப்படியே பதிந்தன.

உள்ளே போனபோது அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். காக்கத் தவறிய நூலகம். காரணம்: சரிபார்ப்பின்போது நூல் ஒன்று வெளியேறியது. எழுதியதை வாசித்துக் காட்டினார். "இந்த நிமிஷத்திலிருந்து இங்க இருக்கிற நூல்கள் எல்லாம் துறையோட நேரடிப் பாதுகாப்புல இருக்கு. சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வரும்."

தேதி சார் கையிலிருந்த புத்தகத்தை மேஜைமேல் வைத்தார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"அதை இங்க வைக்காதீங்க. அது நூலே இல்ல. கறை, கிழிசல், மடிப்பு, கைக்குறிப்பு, இந்த நாலுல ஒண்ணு இருந்தாலும் அது கழிவு. பதிவேட்டிலிருந்து அடிச்சிடுவோம். கழிவை லாரியில ஏத்த மாட்டோம். காப்பகத்துல சுத்தமான நூல் மட்டும்தான்."

"அப்ப இதை என்ன சார் செய்றது?"

"உள்ளூர்லயே எப்படியாவது தொலைச்சுக்குங்க. எப்படின்னு விதி சொல்லல."

ஜீப் போய்விட்டது. தேதி சார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பால்காரம்மா வாசலில் நின்றாள். அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "என்னாலதானே அண்ணே எல்லாம் போச்சு" என்றாள்.

"கன்னு எப்படி இருக்கு?"

"நிக்கப் பார்க்குது."

அவர் அந்தப் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதை அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம். டப்பா மேல வச்சுக்கோ." நீட்டிய கை பாதியில் நின்றது. எடுத்துக்க மாட்டாங்களாம் என்பதை அவர் காதே அப்போதுதான் கேட்டது.

வியாழக்கிழமை காலை ஊரில் பாதிப் பேர் நூலகத்தில் இருந்தார்கள். தேதி சார் மேஜைக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னார். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு குறை இருந்தால் போதும். சொல்லி முடித்து, முதல் ஆளாக ஒரு புத்தகத்தைக் கையிலெடுத்தார். பக்கத்தின் முனையைப் பிடித்தார். விரல் மடங்க மாட்டேன் என்றது. நாலுதரம் முயன்றார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"தள்ளுங்க" என்று அவர் மனைவி முன்னால் வந்தாள். துணி வெட்டும் புத்தகத்தைத் திறந்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒரு படத்துக்குப் பக்கத்தில் எழுதினாள். 'கைக்குழி அரை அங்குலம் கூட்டி வெட்டணும். இல்லைன்னா அக்குளைப் பிடிக்கும்.'

தேதி சார் எட்டிப் படித்தார். "இது சேதம் இல்லையே" என்றார் மெதுவாக.

"அவங்களுக்குச் சேதம். நமக்கு என்னவா இருந்தா என்ன?"

அதிலிருந்து அவர் ஒரு கட்டளை போட்டார். யாரும் கிழிக்கக் கூடாது, கறையாக்கக் கூடாது, மடிக்கக் கூடாது. எழுத வேண்டும். படித்ததில் எது உதவியதோ, எது தப்போ, அதை எழுத வேண்டும். படிக்காமல் பொய்யாக எழுதினால் இரண்டு நாள் பேசமாட்டார். இதில் ஒரு கஷ்டம் இருந்தது. எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும். ஆயிரத்து நானூறு புத்தகம், இரண்டு பகல். கடையில், வயலோரம், கிணற்றடியில் என்று ஊர் உட்கார்ந்து படித்தது. துறை ஆரம்பித்த நாளிலிருந்து எந்த ஊரும் இப்படிப் படித்ததில்லை. நர்ஸம்மா ஒரு மருந்தின் அளவைத் திருத்தினார். ஒரு காதல் கதையில் சலூன்காரர், 'இவன் பேச்சை நம்பாதே பெண்ணே' என்று ஏழு இடத்தில் எச்சரித்திருந்தார். மெக்கானிக் ஒரு துப்பறியும் நாவலின் முதல் பக்கத்திலேயே 'கொன்றது டாக்டர்' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"இதுதான்யா நிஜமான சேதம்!" என்று கத்தினார் தேதி சார். அவர் கத்தி ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு புத்தகம் மிச்சம் இருந்தது. துறையே வெளியிட்ட ஆண்டறிக்கைகள், பதினோரு தொகுதி. பலபேர் முயன்றுவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. "உதவுற மாதிரியும் இல்ல, தப்புன்னு சொல்ற மாதிரியும் இல்ல. எதுவுமே சொல்லல சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பொய்யாக எழுத தேதி சார் ஒப்பவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்து நின்றது. பெரிய லாரி. வாசலுக்கு வெளியே கூட்டம். பால்காரம்மா கன்றையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிகாரி உள்ளே வந்து, கையுறை மாட்டி, முப்பது வருஷ சர்வீஸில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைத் திறந்தார். கழிவு கலந்திருக்கிறதா என்று சரிபார்க்காமல் ஏற்றினால் அவர் பெயருக்குத்தான் கேடு.

திறந்தவர் முகம் மாறியது. அடுத்ததைத் திறந்தார். அதற்கடுத்ததை. தேதி சார் மேஜையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை சுத்தமா இருந்துச்சே!"

"புதன்கிழமை நீங்க எண்ணினீங்க சார். திறந்து பார்க்கல."

"மூணு நாளைக்குள்ள எழுதியிருக்கீங்க. ஊரே சேர்ந்து எழுதியிருக்கீங்க. இதோ, இதுல பென்சில் தூள்கூட ஒட்டியிருக்கு! நான் அறிக்கை எழுதுறேன். இந்தச் சேதம் புதன்கிழமைக்கு அப்புறம் நடந்ததுன்னு எழுதுறேன்!"

தேதி சாருக்குப் பதில் தெரியும். வாயைத் திறப்பதற்குள் உதவியாளர் செருமினார்.

"சார், புதன்கிழமைக்கு அப்புறம்னு எழுதினா... அப்ப இதெல்லாம் துறையோட நேரடிப் பாதுகாப்புல இருந்துச்சு. உங்க கையெழுத்து இருக்கு."

அதிகாரி புதன்கிழமை அறிக்கையை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார். சேதம் பழையது என்று எழுதினார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, கைக்குறிப்பை வாய்விட்டுப் படித்து, கழிவு என்று முத்திரை குத்த ஆரம்பித்தார்.

"'இதில் சொன்னபடி வால்வைக் கழற்றினேன், மோட்டார் ஓடியது.' கழிவு. 'இந்தப் பக்கத்தைப் படித்தபின் அண்ணனோடு பேசிவிட்டேன்.' கழிவு. 'ஜுரம் நிற்காவிட்டால் மூன்றாம் நாள் காத்திருக்காதே, ஓடு. நான் காத்திருந்தேன்.' கழி..."

முத்திரை அந்தரத்தில் நின்றது. அவர் அந்த வரியை மறுபடி பார்த்தார்.

"சார்" என்றார் தேதி சார், சுவர்ப் பலகையைக் காட்டி. "வாய்விட்டுப் படிக்கக் கூடாது."

அதன்பிறகு அதிகாரி மனசுக்குள் படித்தார். சாயங்காலம் நாலு மணி வரை படித்தார். ஒரு நாவலில் முத்திரை குத்த இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

கடைசிக் கணக்கு இப்படி வந்தது. கழிவு, ஆயிரத்து நானூற்று ஒன்று. காப்பகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டவை, பதினொன்று. பழுதற்ற, கறையற்ற, யாராலும் படித்து முடிக்கப்படாத பதினோரு ஆண்டறிக்கைகளை அந்தப் பெரிய லாரியின் நடுவில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். லாரி கிளம்பியது. ஜீப்பில் ஏறுவதற்கு முன் உதவியாளர் தயங்கி நின்றார்.

"சார், கழிவுல ஒண்ணு நான் எடுத்துட்டுப் போகலாமா? அந்த டாக்டர் ஏன் கொன்னாருன்னு தெரியணும்."

தேதி சார் முத்திரையைத் திருகினார், மையில் ஒற்றினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு தேதியைக் குத்திக் கொடுத்தார்.

மறுமாதம் துறையிலிருந்து ஓர் உறை வந்தது. நின்றுகொண்டே பிரித்தார். பதிவேட்டின்படி அந்த நூலகத்தில் நூல் இருப்பு: இல்லை. நூல் குறைவு: இல்லை. ஒரு நூலும் குறையாத நூலகம் என்ற வகையில் இவ்வாண்டின் சிறந்த நூலகமாக அது தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. கூடவே தங்க எழுத்தில், வழவழவென்று, ஒரு பாராட்டுச் சான்றிதழ். முந்தைய அறிவிப்பு ரத்து. நூலகர் தொடர்ந்து பணியில் இருந்து, இதே நிலையைக் காத்துவர வேண்டும்.

அப்போது வாசலில் ஒருத்தர் வந்து நின்றார். "சார், மாட்டுப் புத்தகம் இருக்கா?"

"பால்காரம்மா கொட்டகைக்குப் போங்க. தவிட்டு டப்பா மேல இருக்கும்."

அவர் போனதும் தேதி சார் ஆணியும் சுத்தியலும் எடுத்துவந்து, சான்றிதழை மாட்டச் சுவரில் இடம் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, அதை மறுபடி மேஜையில் விரித்து, குடித்துக்கொண்டிருந்த டீ டம்ளரை அதன் நட்ட நடுவில் வைத்தார். எடுத்துப் பார்த்தார். வட்டமாக, நன்றாகப் பதிந்திருந்தது. இனி இதையும் யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று நிச்சயமானபின், மாட்டினார்.